வளவில் (வீட்டின் நடுமுற்றத்தில்) பாடிய பாட்டை இரண்டு காதுக்கும் பங்கிடுவது: ஒலித்தட சேர்ப்பு, பேனிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பலரும் இப்போது வீட்டுப் பெரியவர்களின் பாட்டைப் பதிந்து வைக்கிறார்கள். அப்பத்தாவின் தாலாட்டு, ஆச்சிமார் சேர்ந்து பாடும் கும்மி, சாந்திக் கல்யாணத்து மேளம், தை மாதக் காவடிப் பாட்டு எல்லாம் செல்போனுக்குள் வந்துவிடுகின்றன. பதிவது சுலபம். அதைக் கணினியில் போட்டு ஒன்றாகச் சேர்க்கும் இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். சில வருடங்களாக இந்த வேலையில் உதவி செய்து வருகிறேன். திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இலவசமாகக் கிடைப்பதால் ஆடாசிட்டி மென்பொருளை வைத்தே சொல்கிறேன். வேறு மென்பொருளில் பொத்தான் இடம் மாறும், விஷயம் ஒன்றுதான்.

இரண்டு டிராக்கை (தனித்தனி ஒலித்தடத்தை) ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தாலே சேர்ந்துதானே கேட்கிறது? பிறகு மிக்ஸிங் என்று தனியாக என்ன?

கேட்கும், உண்மைதான். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் கேட்கத்தான் செய்யும். யார் முன்னால், யார் பின்னால், யார் எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பதுதான் மிக்ஸிங். ஆடாசிட்டியில் ஒவ்வொரு டிராக்குக்கும் இடது ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் இரண்டு நகர்த்திகள் உண்டு. ஒன்று சத்த அளவுக்கு, இன்னொன்று பக்கத்துக்கு. கூடவே மியூட், சோலோ என்று இரண்டு பொத்தான்கள். மியூட் அந்த டிராக்கை மட்டும் அடக்கும், சோலோ அதை மட்டும் கேட்கவிடும். முக்கால்வாசி வேலை இந்த நான்கிலேயே முடிந்துவிடும்.

நகர்த்தியை எலியால் இழுத்தால் கை தவறி எங்கேயோ போய் நிற்கும். அதன் மேல் இரண்டு முறை சொடுக்கினால் எண்ணைத் தட்டச்சு செய்ய ஒரு பெட்டி வரும். நான் எப்போதும் எண்ணாகவே போடுகிறேன். மறுநாள் திரும்பிப் பார்க்கும்போது என்ன செய்தோம் என்று அப்போதுதான் தெரியும்.

பேனிங் என்றால் என்ன?

ஒரு சத்தம் இடப்பக்கம் இருந்து வருகிறதா, வலப்பக்கம் இருந்து வருகிறதா, நடுவில் இருந்தா என்று வைப்பது. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே அளவில் ஒலித்தால் சத்தம் நடுவில் இருப்பதாகக் காது நம்பும். வலது ஸ்பீக்கரில் குறைத்தால் இடப்பக்கம் நகர்ந்ததாகத் தோன்றும். ஆடாசிட்டி செய்வதும் அதுதான். இடப்பக்கம் தள்ளினால் இடதில் எதையும் கூட்டாது, வலதில் குறைத்துக்கொண்டே வரும். அதனால் ஓரத்துக்குத் தள்ளிய டிராக் மொத்தத்தில் கொஞ்சம் சன்னமாகக் கேட்கும். தள்ளிய பிறகு சத்த அளவை ஒன்றோ இரண்டோ டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

லண்டனில் ஈ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஆலன் ப்ளூம்லைன் என்ற பொறியாளர் 1931 டிசம்பரில் ஸ்டீரியோவுக்கான, அதாவது இடம் வலம் என்று இரண்டு தடமாக ஒலிக்கும் முறைக்கான, காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். திரையில் ஆள் ஒரு பக்கம் நிற்கக் குரல் இன்னொரு பக்கம் கேட்பது அவரை உறுத்தியதாம். அதற்குப் பிறகும் சினிமா பல வருடம் ஒற்றைக் குழாயில்தான் பேசியது. 1940களில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் நம் காரைக்குடியில் ஸ்டூடியோ வைத்துப் படம் எடுத்த காலமும் அப்படித்தான். பக்கம் பிரிக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. யார் குரல் பெரிது, யார் குரல் சிறிது என்பதை வைத்தே எல்லாவற்றையும் காட்டினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது அடுத்த பதிலில் தெரியும்.

முதலில் சத்த அளவா, பேனிங்கா?

சத்த அளவுதான். எல்லா டிராக்கையும் நடுவிலேயே விட்டுவிட்டு, ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டு, பாட்டின் சொல் ஒவ்வொன்றும் தெளிவாக விழும்வரை அளவைச் சரிசெய்யுங்கள். அப்புறம் பக்கம் பிரியுங்கள். நம் உறவுக்காரர்கள் இதைக் கேட்கப்போவது பெரும்பாலும் போனின் ஒற்றை ஸ்பீக்கரில். அங்கே பேனிங் எல்லாம் மறைந்துவிடும், சத்த அளவு மட்டும் மிஞ்சும். பேனிங்கை நம்பிச் சேர்த்த பாட்டு போனில் கேட்கும்போது குழம்பிப்போகும்.

இன்னொன்று. அப்பத்தா குரல் கேட்கவில்லை என்றால் அவர் குரலைக் கூட்டாதீர்கள், மற்றவற்றைக் குறையுங்கள். ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் எல்லாம் சேர்ந்து உச்சவரம்பில் போய் முட்டும். முக்கியமான குரல் எது என்று முதலிலேயே முடிவு செய்து அதை நடுவில் உட்கார வையுங்கள். மீதி எல்லாம் அதற்கு வழி விடட்டும்.

எவ்வளவு தூரம் தள்ளலாம்? மேளத்துக்கு ஒரு கணக்கு சொல்ல முடியுமா?

என் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் காதுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். எண்கள் எல்லாம் சதவீதம், 100 என்றால் முழு ஓரம். முதல் நாதஸ்வரம் இடது 10, இரண்டாவது வலது 15. தவில் இரண்டு இருந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் 30. தாளம் வலது 45. சுருதிப் பெட்டியை இரண்டு முறை தனித்தனியாகப் பதிந்து ஒன்றை இடது 60, மற்றதை வலது 60. ஒரே பதிவை நகல் எடுத்து இரண்டு பக்கமும் போட்டால் அது அகலமாகாது. இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தவிலை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். கூடு போட்ட விரல்கள் வலந்தலையில் (தவிலின் வலது முகத்தில்) எழுப்பும் சத்தம் கூர்மையானது, எந்தப் பக்கம் என்று காது உடனே கண்டுபிடித்துவிடும். குச்சி விழும் தொப்பியின் (இடது முகத்தின்) கனத்த சத்தத்துக்கு அவ்வளவு திசை தெரியாது. இரண்டு தலைக்கும் தனி மைக் வைத்துப் பதிந்திருந்தால் தொப்பியை நடுவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கனமான சத்தத்தை ஒரே ஸ்பீக்கர் சுமந்தால் மொத்தப் பாட்டும் ஒரு பக்கம் சாய்ந்தது போலிருக்கும்.

இடம் வலம் யாருடையது என்றும் கேட்பார்கள். எதிரில் உட்கார்ந்து கேட்பவருடைய இடமும் வலமும்தான். பதியும்போதே யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று ஒரு காகிதத்தில் படம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேளக்காரர்கள் நின்ற ஒழுங்கையே பாட்டிலும் வைத்தால், அன்று அங்கே இருந்தவர்கள் கேட்டதும் தலையாட்டுவார்கள்.

தனித்தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது, சேர்த்ததும் கரகரக்கிறதே?

அளவு மீறிவிட்டது. ஒரே மாதிரியான இரண்டு சத்தம் சேர்ந்தால் 6 டெசிபெல் கூடும். ஆறேழு டிராக் சேரும்போது எங்கேயாவது சுழியம் டெசிபெல் என்ற உச்சவரம்பைத் தாண்டும், தாண்டியது வெட்டுப்படும். ஆடாசிட்டி உள்ளே 32 பிட் மிதவைக் கணக்கில் வேலை செய்வதால் ஆடாசிட்டியின் திட்டக் கோப்புக்குள் தாண்டியது நிரந்தரமாகக் கெட்டுப்போகாது. ஆனால் சாதாரண வேவ் கோப்பாக வெளியே எடுக்கும்போது (எக்ஸ்போர்ட்) அந்த வெட்டு உறைந்துவிடும். ஆகவே எல்லா டிராக்கையும் ஒரே அளவில் இறக்குங்கள். சேர்க்கும்போது உச்சம் மைனஸ் 6 பக்கத்தில் இருக்கட்டும், கடைசியாக வெளியே எடுக்கும் முன் மைனஸ் 1 வரை ஏற்றினால் போதும்.

போனில் பதியும்போதே வெட்டுப்பட்டிருந்தால் கதை வேறு. நாதஸ்வரத்துக்கு நான்கு அடியில் போனை வைத்து வாங்கிய கரகரப்பை எந்த மிக்ஸிங்கும் முழுதாகச் சரிசெய்யாது.

வளவில் பதிந்தால் ஒரே எதிரொலி. என்ன செய்வது?

அதிகம் வரும் கேள்வி இது, எனக்கு மிகப் பிடித்த கேள்வியும் இதுதான். நம் வீடுகளில் தரை ஆத்தங்குடிக் கல், சுவர் கண்ணாடி போல் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு, தூண் பர்மாத் தேக்கு. சத்தத்தை உறிஞ்ச ஒரு துணிகூட இல்லை. வளவின் நடுவில் வானம் திறந்திருப்பதால் மேலே போன சத்தம் போய்விடுகிறது. ஆனால் சுற்றியிருக்கும் பத்திகளில் (தாழ்வாரங்களில்) பட்ட சத்தம் தரைக்கும் சுவருக்கும் நடுவே அலைந்துகொண்டே இருக்கிறது. காதால் நேரில் கேட்கும்போது அது அழகு. போன் ஒன்றரை ஆள் தூரத்தில் இருந்தால், அந்த அழகு சொல்லைத் தின்றுவிடும்.

இரண்டு போன் வையுங்கள். ஒன்று பாடுபவரின் வாய்க்கு ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில், மடித்த துண்டின் மேல். இன்னொன்று எதிர்ப்பத்தித் தூணடியில். முதலாவதில் சொல் இருக்கும், இரண்டாவதில் வீடு இருக்கும். பாடுபவர் உட்காரும் இடத்தில் ஜமுக்காளம் விரித்து, முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையைச் சாய்த்து வைத்தால் இன்னும் நல்லது.

சேர்க்கும்போது அருகில் பதிந்ததை நடுவில் வையுங்கள். தூரத்துப் பதிவை அதைவிட 12 முதல் 15 டெசிபெல் குறைவாக வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹை பாஸ் ஃபில்டர் போட்டு நீக்கிவிடுங்கள். தூரத்துப் போன் 7 மீட்டரில் இருந்தால் சத்தம் அங்கே போய்ச் சேர வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு தாமதமாகும். அந்தத் தாமதத்தை நான் அப்படியே விட்டுவிடுகிறேன். வளவு எவ்வளவு பெரியது என்று கேட்பவருக்குச் சொல்வது அதுதான். மென்பொருளில் எதிரொலி விளைவுகள் எத்தனையோ இருக்கின்றன. நிஜமான வளவு கையில் இருக்கும்போது அவற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பாட்டு தொடங்குமுன் யாரும் பேசாமல் பத்து வினாடி பதிந்துகொள்ளுங்கள். இரைச்சலைக் குறைக்கும் கருவிக்கு அது மாதிரியாக உதவும், நடுவில் எதையாவது வெட்டினால் அந்த ஓட்டையை அடைக்கவும் உதவும். மின்விசிறியையும் குளிர்பெட்டியையும் நிறுத்திவிட்டு, சுவர்க்கடிகாரத்தையும் மறக்காமல் நிறுத்துங்கள். பெண்டுலம் கடிகாரத்தின் தட்டு தாலாட்டின் நடையோடு மோதும். பாட்டு முழுக்க வந்துவிட்டால் பிறகு எடுக்கவே முடியாது.

இரண்டு போன் பதிவையும் சேர்த்தால் குரல் குடத்துக்குள் பேசுவது போல் ஆகிறது. ஏன்?

இரண்டு போனும் பாடுபவருக்குக் கிட்டத்தட்ட ஒரே அளவு பக்கத்தில் இருந்திருக்கும். ஒரே குரல் மிகச் சிறிய நேர வித்தியாசத்தில் இரண்டு முறை வந்தால், சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு பழைய விதி உண்டு: பாடுபவருக்கும் முதல் மைக்குக்கும் எவ்வளவு தூரமோ, அதைப்போல் குறைந்தது மூன்று மடங்கு தூரம் இரண்டு மைக்குக்கும் நடுவே இருக்க வேண்டும்.

ஏற்கெனவே பதிந்துவிட்டீர்களா? பதிவின் தொடக்கத்தில் ஒரு முறை பலமாகக் கைதட்டியிருந்தால் அலை வடிவத்தில் அது ஊசி போல் தெரியும். நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து இரண்டு ஊசியும் ஒரே கோட்டில் வரும்படி ஒரு டிராக்கை நகர்த்துங்கள். முடிவிலும் ஒரு முறை தட்டுவது புத்திசாலித்தனம். இரண்டு போனின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, அரை மணி நேரப் பதிவில் கடைசியில் விலகிவிடும். எவ்வளவு விலகியது என்று கடைசித் தட்டு காட்டிக்கொடுக்கும். அதை வைத்து ஒரு டிராக்கின் வேகத்தை அந்தச் சிறு அளவு மாற்றிக்கொள்ளலாம்.

நான் அனுப்பியதில் ஒருவர் குரல் மட்டும்தான் கேட்கிறது என்று சொல்கிறார்களே?

இது எனக்கே நடந்தது. இரண்டு சகோதரிகள் மாற்றி மாற்றிப் பாடிய கும்மி. அக்காவை முழுக்க இடதும் தங்கையை முழுக்க வலதும் தள்ளி, கேட்க அருமையாக இருக்கிறது என்று மலேசியாவில் இருக்கும் அவர்களுடைய தம்பிக்கு அனுப்பினேன். அவர் வேலைக்குப் போகும் வழியில் ஒரே காதில் கருவி மாட்டிக் கேட்டிருக்கிறார். "சின்ன ஆச்சி பாடவே இல்லையாண்ணே? உடம்புக்கு முடியலையா?" என்று பதறிப்போய் அழைத்தார். அன்றோடு பாடும் குரலை 30க்கு மேல் தள்ளுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். 25க்கு 25 வைத்தாலே இருவர் எதிரெதிரே உட்கார்ந்திருப்பது தெரிகிறது.

ஹெட்போனில் மட்டும் கேட்டு முடிவு செய்வதிலும் இதே ஆபத்து உண்டு. அறையில் ஸ்பீக்கர் வைத்தால் இடது ஸ்பீக்கரின் சத்தம் வலது காதுக்கும் வந்து சேரும். ஹெட்போனில் அப்படி வராது.

ஸ்டீரியோ பதிவை இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் இருந்தது நகராமல் காணாமல் போகிறதே?

ஸ்டீரியோ டிராக்கில் அந்த நகர்த்தி ஒரு பக்கத்தைக் குறைக்க மட்டும் செய்யும். அங்கிருந்ததை இங்கே கொண்டுவராது. டிராக்கின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டியலில் ஸ்டீரியோவை இரண்டு மோனோவாக (ஒற்றைத் தடமாக) பிரிக்கும் கட்டளை இருக்கிறது. பிரித்து, ஒவ்வொன்றையும் வேண்டிய இடத்தில் வையுங்கள்.

காவடி ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் நடந்து போவது போல் கேட்க வைக்க முடியுமா?

முடியும். தை மாதம் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடி கிளம்பும்போது தெருவோரம் நின்று பதிந்தவர்கள் கேட்பது இது. ஆடாசிட்டியின் பக்க நகர்த்தி பாட்டின் போக்கில் தானாக நகராது. ஆகவே டிராக்கை ஒரு நகல் எடுங்கள். ஒன்றை முழு இடது, மற்றதை முழு வலது வையுங்கள். சத்த அளவை இடத்துக்கு இடம் மாற்ற உதவும் என்வலப் கருவியால் இடதை மெல்ல இறக்கி, வலதை மெல்ல ஏற்றுங்கள். இரண்டும் நடுவில் சந்திக்கும் இடத்தில் பாதி உயரம் வைத்தால் காவடி எதிரே வரும்போது சத்தம் குழிந்துவிடும். அங்கே 70 சதவீத உயரம் வையுங்கள். உண்மையில் காவடி நமக்கு நேரே வரும்போதுதானே சத்தம் அதிகம்? அதனால் நடுவில் இன்னும் கொஞ்சம் ஏற்றினாலும் தப்பில்லை. "அரோகரா" என்று கூட்டம் முழங்குவதை மட்டும் நகர்த்தாமல் இரண்டு பக்கமும் அகலமாக விடுங்கள். அது தெரு முழுக்க எழும் குரல்.

பெரியவர் பேசும்போது பின்னால் நாதஸ்வரம் தானாகக் குறைய வேண்டும்.

ஆட்டோ டக் என்ற விளைவு (எஃபெக்ட்) இருக்கிறது. இசை டிராக் மேலே, பேச்சு டிராக் அதற்கு நேர் கீழே இருக்க வேண்டும். மேலே உள்ளதை மட்டும் தேர்ந்தெடுத்து விளைவைப் போடுங்கள். பேச்சு வரும் இடங்களில் இசை இறங்கும், வழக்கமான அளவு 12 டெசிபெல். மூச்சு வாங்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் இசை எகிறினால் இடைநிறுத்த நேரத்தைக் கூட்டுங்கள்.

கோயில் மைக் செட்டில் போட்டால் பாதி காணோம்.

கூம்புக் குழாய்க்கு இடம் வலம் கிடையாது. போனிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயரில் ஒரு பக்கம் மட்டும் இணைந்திருந்தால் மறுபக்கம் போட்டதெல்லாம் போச்சு. மைக் செட்காரருக்குக் கொடுக்க மோனோவாக ஒரு பிரதி தனியாக எடுத்துவிடுங்கள். மோனோவாக்கும்போது ஒரே பக்கத்தில் இருந்த சத்தம் பாதியாகும், அதாவது 6 டெசிபெல் குறையும். மாற்றிய பிறகு ஒரு தடவை முழுக்கக் கேளுங்கள்.

மிக்ஸ் அண்ட் ரெண்டர் கொடுக்க வேண்டுமா?

தேவையில்லை. வெளியே எடுக்கும்போதே எல்லாம் சேர்ந்துவிடும். அந்தக் கட்டளை தனித்தனி டிராக்குகளை ஒன்றாக்கி அசலை எடுத்துவிடும். கட்டாயம் வேண்டுமென்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். புது டிராக்காகச் சேரும், அசலும் இருக்கும்.

போனில் பதிந்த அசலையும் திட்டக் கோப்பையும் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ வேவ் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்.பி. பிடிக்கும், அவ்வளவுதான். வாட்ஸப்பில் அனுப்பும்போது டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். ஒப்பாரி போன்றவற்றை வெளியாருக்கு அனுப்புமுன் பாடியவரையும், யாருக்காகப் பாடினாரோ அந்த வீட்டாரையும் கேட்டுவிடுங்கள்.

பழைய கேசட்டை மாற்றினால் இடது காதில் மட்டும் கேட்கிறது.

மோனோ டேப்ரிக்கார்டராக இருக்கும். டிராக்கை இரண்டு மோனோவாகப் பிரித்து, காலியாக இருக்கும் பக்கத்தை நீக்கிவிட்டு, மிச்சத்தை நடுவில் வையுங்கள். இரண்டு நிமிட வேலை.

அப்பத்தா தாலாட்டுக்குப் பின்னால் கீபோர்டு, வயலின் சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அப்பத்தாமார் சுருதிப் பெட்டிக்குப் பாடவில்லை, தூளி ஆடும் வேகத்துக்குப் பாடினார்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வரி நீளும், குழந்தை சிணுங்கினால் ஒரு சொல் இரண்டு முறை வரும். அதை வாத்தியத்துக்குள் அடக்கப் பார்த்தால் யாரோ ஒருவர் பாடியது போல் ஆகிவிடும்.

எங்கள் அப்பத்தா பாடியதை வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் வைத்துப் பதிந்தோம். கேட்கும்போது ஏதோ கீச், கீச் என்று ஒரு சத்தம். இரைச்சல் என்று நினைத்து அதை எடுத்துவிட்டேன். எடுத்ததும் பாட்டு வெறிச்சோடிப் போனது. மறுபடி அசலைப் போட்டுக் கேட்டபோதுதான் புரிந்தது, அது தூளிக் கயிறு உத்தரத்தில் உரசும் சத்தம். ஒவ்வொரு வரியும் அந்த உரசலில்தான் தொடங்குகிறது. இப்போது அப்பத்தா குரல் நடுவில். தூளிக்குப் பக்கத்தில் வைத்திருந்த இரண்டாவது போனின் பதிவு 14 டெசிபெல் கீழே, வலது 20ல். அவர் வலது கையால்தான் ஆட்டிக்கொண்டிருந்தார்.